கனடாவில் இருந்து வந்த டேர்ன்டேபிள் கொழும்பில் மெதுவாகச் சுற்றுகிறது: திருத்துவதா, புதிது வாங்குவதா?

கடலோரம்:

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது கேட்க வேண்டி வந்துவிட்டது.

கொட்டாஞ்சேனையில் பெரியப்பாவின் வீட்டைக் காலி செய்தபோது இரண்டு பெட்டி ரெக்கோட் எங்கள் வீட்டுக்கு வந்தது. மேலே எல்பியும் (நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் பெரிய தட்டு) 45உம் (நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் சின்னத் தட்டு), அடியில் பழைய கனமான தட்டுகள். அதே நேரம் பார்த்து டொரொண்டோ மாமாவும் தன் டேர்ன்டேபிளை உடுப்புகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார். எழுபதுகளின் ஜப்பான் தயாரிப்பு, பெல்ட்டில் ஓடுவது. பின்னால் 120 வோல்ட் என்று எழுதியிருந்ததால் புறக்கோட்டையில் ஒரு ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் வாங்கி, அதன் வழியாகத்தான் கரண்ட் கொடுத்தேன். புகையும் இல்லை, சூடும் இல்லை. சுற்றுகிறது.

ஆனால் மெதுவாகச் சுற்றுகிறது. சுசீலா பாட்டைப் போட்டால் அவருடைய அண்ணன் பாடுவது போல இருக்கிறது. பெல்ட் தளர்ந்திருக்கும் என்றார்கள், புதியது போட்டேன். மோட்டாருக்கு எண்ணெய் விடச் சொன்னார்கள், விட்டேன். அதே கதைதான். ஒரு கடையில் காட்டினால், “இதோடு மல்லுக்கட்டாதீர்கள், புதிதாக ஒரு சூட்கேஸ் பிளேயர் எடுங்கள்” என்கிறார்கள்.

இன்னும் இரண்டு விஷயம். டிவியோடு இருக்கும் ஹோம் தியேட்டரின் ஆக்ஸ் துளையில்தான் (வெளிக் கருவிகளை இணைக்கும் இடம்) கொடுத்துக் கேட்கிறேன், சத்தம் எட்டவில்லை, மெல்லிசாகக் கீச்சென்று வருகிறது. அடுத்தது, எங்கள் வீடு வெள்ளவத்தையில், மரைன் டிரைவில் இருந்து ஓர் ஒழுங்கை உள்ளே. ரயில் போனால் ஊசி துள்ளுகிறது.

ஒரு லட்சம் வரை செலவழிக்கலாம். அம்ப்பும் (அம்ப்ளிஃபயர்) ஸ்பீக்கரும் வாங்கவா, டேர்ன்டேபிளையே மாற்றவா?


ஊசிமுனை:

தம்பி, இப்போதைக்கு ஒன்றும் வாங்காதீர்கள். ரெக்கோட் வைக்கும் சுழல்தட்டின் ஓரத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி, போனில் நேரம் வைத்து மூன்று நிமிடம் எண்ணிப் பாருங்கள். 33⅓ சரியாக ஓடினால் மூன்று நிமிடத்துக்கு 100 சுற்று. உங்களுடையது 83 சுற்றும் என்று நினைக்கிறேன்.


கடலோரம்:

எண்ணினேன் அண்ணா. 83தான், கொஞ்சம் மேலே. பார்க்காமலே எப்படிச் சொன்னீர்கள்?


ஊசிமுனை:

கணக்குத்தான். கனடாவில் கரண்ட் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நீங்கள் வாங்கிய ட்ரான்ஸ்ஃபோமர் வோல்ட்டை இறக்கிக் கொடுக்கும், ஹெர்ட்ஸைத் தொடாது. அந்தக் காலத்து பெல்ட் டேர்ன்டேபிள்களில் அநேகமாக ஏசி சிங்க்ரொனஸ் மோட்டார்தான் இருக்கும். அதன் வேகத்தைத் தீர்மானிப்பது ஹெர்ட்ஸ். 60க்குச் செய்த மோட்டாருக்கு 50 கொடுத்தால் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடும். நிமிடத்துக்கு 27.8 சுற்று, மூன்று நிமிடத்துக்கு 83 சொச்சம். சுருதி மூன்று அரைச்சுரத்துக்குச் சற்று மேலே இறங்கிவிடும். சுசீலாவுக்கு அண்ணன் பிறந்தது அப்படித்தான்.

45இல் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அது 37.5இல் ஓடும், இரண்டுங்கெட்டான்.

பெல்ட், எண்ணெய் எல்லாம் வீண் செலவு. உங்கள் மோட்டாரில் பழுது இல்லை. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, நாடுதான் வேறு.


டிஜிட்டல்தம்பி:

இதற்குத்தான் சொல்கிறேன், போனில் பாட்டைப் போட்டால் எந்த நாட்டிலும் ஒரே வேகம் 😄


மருதானை_ரேடியோ:

சிரிக்க வேண்டாம், இது மாதத்துக்கு ஒன்றாவது என் மேசைக்கு வரும். அமெரிக்கா, கனடாவில் இருந்து சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுப்பது. எல்லோரும் முதலில் பெல்ட்டைத்தான் மாற்றியிருப்பார்கள்.

சுழல்தட்டைத் தூக்கி, மோட்டார் தண்டில் இருக்கும் புல்லியைப் பாருங்கள், பெல்ட் மாட்டும் சின்னப் பித்தளை உருளை. 33க்கும் 45க்குமாக இரண்டு படி இருக்கும். சில மொடல்களில் புல்லியைக் கழற்றித் தலைகீழாகப் போட்டால் 50 ஹெர்ட்ஸுக்கு ஒத்துவரும், சிலவற்றில் 50க்கென்று தனிப் புல்லி விற்றார்கள். ஜப்பானிலேயே கிழக்குப் பக்கம், டோக்கியோ எல்லாம், 50 ஹெர்ட்ஸ். ஒசாகா பக்கம் 60. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு பக்கத்தார் ஜெர்மனியிலும் மறு பக்கத்தார் அமெரிக்காவிலும் ஜெனரேட்டர் வாங்கினார்கள், இன்றுவரை நாடு இரண்டாகவே ஓடுகிறது. அதனால் ஜப்பான் சந்தைக்கென்று செய்த செட்டுகளில் இரண்டுக்கும் வழி வைத்திருப்பார்கள். உங்களுடையது வட அமெரிக்காவுக்குச் செய்தது போல இருக்கிறது. புல்லியைப் படம் எடுத்துப் போடுங்கள்.


கடலோரம்:

படம் போட்டிருக்கிறேன். இரண்டு படிதான், திருப்பிப் போட முடியாது, கீழ்ப்பக்கம் மூடியிருக்கிறது. அடியில் 60 என்று மட்டும் பொறித்திருக்கிறது.


மருதானை_ரேடியோ:

அப்படியானால் புதிதாகக் கடைய வேண்டும். பஞ்சிகாவத்தையில் வாகனச் சாமான் கடைகளுக்குப் பின்னால் லேத் பட்டறைகள் இருக்கின்றன. பித்தளைக் கம்பியில் கடைந்து தருவார்கள். ஆனால் போய், “இதையே 1.2 மடங்கு பெரிதாக்கித் தாருங்கள்” என்று மட்டும் சொன்னால் பிழைத்துவிடும். பெல்ட்டுக்கும் தடிப்பு இருக்கிறது, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒரு பேச்சுக்கு, இப்போதைய புல்லி 10 மில்லிமீட்டர், பெல்ட் அரை மில்லிமீட்டர் என்று வையுங்கள். பெல்ட்டின் நடுக்கோடு ஓடும் விட்டம் 10.5. அதைத்தான் 1.2ஆல் பெருக்க வேண்டும், 12.6 வரும். அதில் பெல்ட் தடிப்பைக் கழித்தால் 12.1. வெறுமனே 12 என்று கடைந்தால் ஏறக்குறைய ஒரு வீதம் வேகம் குறையும். காது கூர்மையான ஆளுக்கு அது கேட்கும்.

இன்னொன்று, புல்லியின் நடு கொஞ்சம் உப்பலாக இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அளவு உப்பல்தான், ஆனால் அது இல்லாவிட்டால் பெல்ட் நழுவிக் கீழே வந்துவிடும். நடுத் துளை தண்டோடு ஆடாமல் உட்கார வேண்டும். இம்மி விலகினாலும் புல்லி நெளிந்து சுற்றும், வீணையின் நீண்ட ஸ்வரம் நடுங்குவதை வைத்தே கண்டுபிடிக்கலாம். கார் புஷ் கடைகிற அவசரத்தில் கடைந்து தருபவரிடம் கொடுக்காதீர்கள்.


பாட்டுப்பெட்டி:

லேத்துக்கு ஓடுவதற்கு முன் இன்னொரு வழி. இந்த மோட்டார்கள் சில வாட்தான் இழுக்கும். போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப்பில் 60 ஹெர்ட்ஸ் சைன் அலை, அதை ஒரு சின்ன அம்ப்பில் கொடுத்து, அம்ப்பின் வெளியீட்டை ஒரு ட்ரான்ஸ்ஃபோமரில் தலைகீழாக ஏற்றினால் 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ் கிடைக்கும். வேகத்தை 59.9, 60.1 என்று நுணுக்கமாகத் திருத்தவும் முடியும். என் செட் அப்படித்தான் ஓடுகிறது.


மருதானை_ரேடியோ:

அக்கா சொல்வது சரி, நல்ல வேலை. ஆனால் தம்பி, வெளியே வருவது ஆளைக் கொல்லக்கூடிய வோல்ட். மூடிய பெட்டி, ஃபியூஸ், எர்த் எல்லாம் வேண்டும். செய்யத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் தொட வேண்டாம். உங்களுக்குப் புல்லிதான்.


பாட்டுப்பெட்டி:

ஓம், அது நியாயம்.

கடலோரம், உங்கள் மற்றக் கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லையே. சத்தம் மெல்லிசாக வருவது டேர்ன்டேபிளின் கோளாறு இல்லை. எம்எம் (மூவிங் மாக்னெட்) காட்ரிட்ஜில், அதாவது ஊசி பூட்டிய உடலில் இருந்து வருவது மூன்று முதல் ஐந்து மில்லிவோல்ட். ஆக்ஸ் எதிர்பார்ப்பது அதைப் போல நூறு மடங்கு. நடுவில் போனோ ஸ்டேஜ் என்ற சின்னப் பெருக்கி வேண்டும். பெருக்குவது அதன் பாதி வேலைதான். தட்டு வெட்டும்போது பாஸை (தாழ்ந்த ஒலி) குறைத்து, ட்ரெபிளை (உயர்ந்த ஒலி) கூட்டித்தான் வெட்டுவார்கள். பாஸை அப்படியே வெட்டினால் குழி அகன்று ஒரு பக்கத்தில் பத்து நிமிடம்கூட அடங்காது. ட்ரெபிளைக் கூட்டி வெட்டினால், திரும்பக் குறைக்கும்போது இரைச்சலும் சேர்ந்து குறையும். அந்த வளைவுக்கு ஆர்ஐஏஏ என்று பெயர், 1954இல் இருந்து ஏறக்குறைய எல்லோரும் அதற்கு வந்துவிட்டார்கள். 20 ஹெர்ட்ஸில் 20 டெசிபல் அளவு குறைவு, 20 கிலோஹெர்ட்ஸில் 20 டெசிபல் அளவு கூட. அதைத் திருப்பிப் போடாமல் கேட்டால் நீங்கள் சொன்ன அதே கீச்சுத்தான் வரும்.

பழைய ஜப்பான் அம்ப் ஒன்று எடுங்கள், பின்னால் ‘போனோ’ என்று துளையும் பக்கத்தில் எர்த் திருகும் இருக்கும். டேர்ன்டேபிளில் இருந்து வரும் ஒல்லிக் கம்பியை அந்தத் திருகில் பூட்டாவிட்டால் ஊம் என்று இரையும். ஆனால் ஜப்பானில் இருந்து நேரே வந்த அம்ப் 100 வோல்ட். உங்களிடம் இருக்கும் ட்ரான்ஸ்ஃபோமர் 120 தருவது, அதில் மாட்டாதீர்கள்.


ஊசிமுனை:

ஒரு லட்சத்தை எப்படிப் பிரிப்பது என்று கேட்டால் என் பதில் எல்லோருக்கும் ஒன்றுதான்: முதலில் ஊசி. மாமாவின் ஊசி எத்தனை மணி நேரம் ஓடியது என்று மாமாவுக்கே தெரியாது. வைர ஊசி 500இல் இருந்து 1000 மணி நேரம் போகும் என்பார்கள். தேய்ந்த ஊசி சும்மா இராது, பெரியப்பாவின் தட்டைச் சீவும். ஸ்பீக்கர் மோசமானதாக இருந்தால் பிறகு மாற்றிக்கொள்ளலாம், சீவிய தட்டை மாற்ற முடியாது.

ஆடியோ-டெக்னிகா விஎம்95 காட்ரிட்ஜ் வரிசையை நான் சொல்வதற்குக் காரணம், உடல் ஒன்று, ஊசி பல. விலை குறைந்த கோன் ஊசியும் எலிப்டிகலும் மைக்ரோலைனும், முனை வடிவம் எதுவானாலும், அதே உடலில் ஏறும். 78க்கென்று (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டு) 3 மில், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு தடிப்பில் ஓர் ஊசியும் இருக்கிறது. உங்கள் பெட்டியின் அடியில் இருப்பவை 78ஆக இருந்தால் அதுவும் தேவைப்படும்.

ஊசி தட்டை அழுத்தும் பாரத்தை அளக்க ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்குங்கள். செட்டியார் தெருவில் தங்கம் நிறுக்கும் தராசின் குட்டி வடிவம், கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டினால் போதும். எலிப்டிகலுக்கு 2 கிராம். பாரம் குறைத்தால் தட்டுக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. கிடையாது. பாரம் குறைந்தால் ஊசி குழிக்குள் துள்ளும், துள்ளும் ஊசிதான் சுவரை உடைக்கும்.


சிலோன்_45:

ரெக்கோட்களைக் கழுவுவது பற்றி: எல்லாவற்றையும் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் ஒரு தரம் துடைத்துவிடுங்கள். கொழும்பில் பூஞ்சணம் இல்லாத பெட்டி இல்லை. ஸ்பிரிட் எல்லாவற்றையும் கொல்லும்.


கொட்டாஞ்சேனை_78:

நிறுத்துங்கள், நிறுத்துங்கள். தம்பி, அடியில் இருக்கும் கனமான தட்டுகளில் ஸ்பிரிட் ஒரு சொட்டும் படக்கூடாது. அவை வைனில் இல்லை, அரக்கு. அரக்கு ஆல்கஹோலில் கரையும். தச்சர் மெருகு பூசுவதற்கு ஸ்பிரிட்டில் கரைக்கிறாரே, அதே சாமான்தான். துடைத்தால் பூஞ்சணத்தோடு பாட்டும் துணியில் வந்துவிடும்.

78க்கு வெறும் நீர், அதிலும் காய்ச்சி வடித்த நீர், பெற்றோல் ஷெட்டில் பற்றரிக்கு விற்பார்களே, அது. ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான தூரிகை, லேபலில் படாமல், சுற்றுப் போக்கிலேயே. ஊறவிடக் கூடாது. உடனே துடைத்து நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். விரிசல் இருந்தால் நீரே வேண்டாம்.

முதலில் லேபல்களைப் படித்துச் சொல்லுங்கள், என்னென்ன இருக்கிறது?


சிலோன்_45:

சரி அண்ணா, 78 இருக்கிறது என்று கவனிக்கவில்லை. நான் சொன்னது வைனிலுக்கு.


ஊசிமுனை:

வைனிலுக்கும் தனி ஸ்பிரிட் வேண்டாம். ஐசோப்ரொபைல் ஆல்கஹோல் பத்து, இருபது வீதம் நீரில் கலந்தால் போதும்.


கடலோரம்:

பார்த்துவிட்டேன். நாய் படம் போட்ட எச்எம்வி கொஞ்சம், கொலம்பியா, ஓடியன். கிட்டப்பா இரண்டு, கே. பி. சுந்தராம்பாள், பாகவதர், நாதஸ்வரம் மூன்று. ஒன்று ஓரம் உடைந்திருக்கிறது. 45களில் பாதி சிங்களம், சூரிய என்று லேபல். எல்பியில் எண்பதுகளின் இளையராஜா நாலைந்து, எக்கோ லேபல்.


கொட்டாஞ்சேனை_78:

கிட்டப்பா இரண்டா? அவர் 1933இல், 27 வயதில் போய்விட்டார். அந்தக் குரல் நமக்கு மிஞ்சியது இந்தத் தட்டுகளால்தான். உடைந்தது அதில் ஒன்று இல்லையே?

தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்கியிருந்தால் முதல் வேலையாக நிமிர்த்துங்கள். 78 எடையில் விரிசல் விடும், எல்பி வளையும். பொலித்தீன் உறை போடுங்கள், பிவிசி உறை வேண்டாம், அது வைனிலோடு ஒட்டிப் பனி படிந்தது போல ஆக்கிவிடும். கடல் பக்கச் சுவரில் அலுமாரியைச் சாய்த்து வைக்காதீர்கள், மழைக்காலத்தில் சுவர் வியர்க்கும். உப்புக்காற்று தட்டை ஒன்றும் செய்யாது, ஆனால் ஹெட்ஷெல்லின் (காட்ரிட்ஜ் பூட்டும் தலைப்பகுதி) நாலு பின்களையும் கறுப்பாக்கும். ஒரு பக்கச் சத்தம் போனால் முதலில் அதைத் துடைத்துப் பாருங்கள்.


சிலோன்_45:

சூரிய 45களை யாருக்கும் சும்மா கொடுத்துவிடாதீர்கள். ஜெரல்ட் விக்கிரமசூரிய நடத்திய லேபல், கிளாரன்ஸ் விஜேவர்தன காலத்துச் சிங்களப் பொப் அதில் இருக்கிறது. வெளிநாட்டுக்காரர் தேடி வாங்குகிறார்கள். டி. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் முன்பு புத்தகத்துக்கு இடையில் செருகியிருக்கும், இப்போது கடைக்காரர் போனில் விலை பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்கிறார்.

எனக்கு ஒரு விஷயம் விளங்குவதில்லை. கொழும்பில் சிங்கள 45 கிடைக்கிற அளவுக்குத் தமிழ்த் தட்டு கிடைப்பதில்லை. இலங்கை வானொலியில் அவ்வளவு தமிழ்ப்பாட்டு போட்ட ஊர் இது.


கொட்டாஞ்சேனை_78:

எங்கள் வீட்டுத் தட்டுகள் 1983 ஜூலைக் கலவரத்தில் வீட்டோடு போயின. வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த நாலு வீட்டில் அதே கதை. மிஞ்சியதை வெளிநாடு போனவர்கள் விற்றுவிட்டுப் போனார்கள், எல்பி பாரம், விமானத்தில் யார் கொண்டுபோவது. இப்போது டொரொண்டோவில் இருந்து டேர்ன்டேபிள் திரும்பி வருகிறது. பரவாயில்லை.

அதனால்தான் பெட்டி வந்தது என்றால் நான் பதறுகிறேன். வாங்க அல்ல, பார்க்க.


டிஜிட்டல்தம்பி:

இதெல்லாம் மனதுக்கு விளங்குகிறது. ஆனால் எனக்கு ஒருவர் நேர்மையாகச் சொல்லுங்கள், சத்தத்துக்காக வைனில் என்று சொல்வது பொய்தானே? சிடி 16 பிட், 96 டெசிபல். எல்பியில் நல்ல அச்சு என்றாலே எழுபதைத் தொட்டால் பெரிது. உள் வட்டத்துக்குப் போகப் போக மோசமாகும். 2022இல் மொபைல் ஃபிடெலிட்டி என்ற ரெக்கோட் நிறுவனத்தின் விவகாரம் வந்ததே. முழுக்க அனலொக் என்று நம்பி வாங்கிய தட்டுகளுக்கு நடுவில் டிஜிட்டல் படி இருந்தது. அது வெளியே வரும்வரை எந்தத் தங்கக் காதும் கண்டுபிடிக்கவில்லை.


ஊசிமுனை:

நீங்கள் சொன்ன எண்கள் எல்லாம் சரி. உள்வட்டமும் சரி: எல்பியின் வெளி ஓரத்தில் குழி ஊசிக்கு அடியில் நொடிக்கு ஐம்பது சென்டிமீட்டர் ஓடும், கடைசிப் பாட்டில் அது இருபதுக்கு வந்துவிடும். அதே பாட்டைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் எழுத வேண்டும், உயர்ந்த சுரங்கள் நெரியும். கோன் ஊசிக்கும் மைக்ரோலைனுக்கும் வித்தியாசம் தெரிவது அங்கேதான்.

மொபைல் ஃபிடெலிட்டி கதையில் நான் எடுத்துக்கொள்வது வேறு. அந்தத் தட்டுகள் நன்றாக இருந்தன, இன்றும் நன்றாக இருக்கின்றன. பிழை விளம்பரத்தில். நல்ல மாஸ்டரை நிதானமாக வெட்டினால் டிஜிட்டல் படி ஒன்றும் கெடுப்பதில்லை. மோசமான மாஸ்டரை எந்த அனலொக்கும் காப்பாற்றாது.


பாட்டுப்பெட்டி:

என் வேலையே ஒலிப்பதிவு, அதனால் ஒரு வார்த்தை. எண்பதுகளின் தமிழ்ப்பாட்டுகளை இணையத்தில் கேட்டால் பலவற்றில் சத்தத்தைத் தூக்கித் தூக்கி எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்கும். சிலது கசெட்டில் இருந்தே எடுத்தது போல இருக்கிறது. அதே பாட்டின் எக்கோ தட்டு நல்ல நிலையில் கிடைத்தால், தபேலாவுக்கும் பாஸ் கிட்டாருக்கும் இடையில் இடம் தெரியும். இது வைனிலின் மகிமை இல்லை, மூலத்துக்குக் கிட்ட இருக்கும் பிரதி அதுதான் என்பது. நாளைக்கு அந்த டேப்பில் இருந்து யாராவது ஒழுங்காக மாஸ்டர் பண்ணிக் கோப்பாகத் தந்தால் நான் கோப்பைத்தான் கேட்பேன். டிஜிட்டல்தம்பி சந்தோஷப்படலாம்.

ஆனால் அந்தக் கிட்டப்பாவுக்குக் கோப்பு எங்கே? இருப்பவையும் ஐந்தாறு கை மாறி, வேகம் தப்பி வந்தவை. வேகம் தப்பினால் சுருதி தப்பும், ஐந்தரைக் கட்டையில் பாடியவரா ஆறில் பாடியவரா என்றே தெரியாமல் போகும்.


டிஜிட்டல்தம்பி:

அப்படிச் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன். அந்த 78களைக் கோப்பாக்குவது என்றால் சொல்லுங்கள், கொம்பியூட்டர் வேலை என் பொறுப்பு. கடலோரத்தின் டேர்ன்டேபிளில் 78 வேகம் இல்லையே?


பாட்டுப்பெட்டி:

தேவையில்லை. 3 மில் ஊசியைப் போட்டு 45இல் ஓட்டிப் பதிந்து, கொம்பியூட்டரில் 1.74 மடங்கு வேகம் கூட்டலாம். ஆனால் இரண்டு இடத்தில் கவனம். பதியும்போது ஆர்ஐஏஏ வளைவு சேர்ந்துவிட்டால் வேகம் கூட்டிய பிறகு அது பிழையான இடத்தில் உட்கார்ந்திருக்கும், ஆகவே அதைக் கழற்றி, வேகம் மாற்றி, பிறகு அந்தந்தக் காலத்து வளைவைப் போட வேண்டும். இரண்டாவது, 78 என்று எழுதியிருப்பதெல்லாம் 78இல் பதிந்தது இல்லை, 1920களில் எண்பது சுற்றுக்குக் கிட்டவும் பதிந்தார்கள். வேகம் பார்க்கும் ஸ்ட்ரோப் 60 ஹெர்ட்ஸ் நாட்டில் 78.26 காட்டும், 50 ஹெர்ட்ஸ் நாட்டில் 77.92. கடைசியில் ஆர்மோனியக்காரரின் சுருதியைப் பிடித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.


கொட்டாஞ்சேனை_78:

என்னிடம் கரார்ட் 301 டேர்ன்டேபிள் இருக்கிறது, 78இலேயே ஓடும். தட்டுகளோடு வீட்டுக்கே வாருங்கள் தம்பி, தேநீரும் உண்டு. பீட்டில்ஸ் பாட்டைக்கூட இந்தியாவில் 78ஆக அச்சிட்டார்கள் தெரியுமா, அதில் ஒன்றை அடகு வைத்துத்தான் இதை வாங்கினேன் என்று மனைவி சொல்லுவாள். நம்ப வேண்டாம்.


கடலோரம்:

கட்டாயம் வருகிறேன் ஐயா. உடைந்தது நாதஸ்வரம், கிட்டப்பா இரண்டும் முழுசு.

ரயிலுக்கு என்ன செய்வது? இப்போது டேர்ன்டேபிள் டிவி ஸ்டாண்டில், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில்.


மருதானை_ரேடியோ:

டிவி ஸ்டாண்டில் இருந்து இன்றைக்கே இறக்குங்கள். ரயில் இல்லாவிட்டாலும் ஸ்பீக்கரின் அதிர்வு ஊசிக்கு ஏறும், சத்தம் கூட்டினால் ஊளையிடும். வெள்ளவத்தைக்கு நான் எப்போதும் சொல்வது சுவர்த் தட்டு. செங்கல் சுவரில், பார்ட்டிஷனில் இல்லை, இரண்டு பலமான இரும்பு பிராக்கெட், மேலே தடித்த பலகை. தரையில் வரும் ஆட்டம் அடங்கும் என்று ரப்பர் அடி, ஸ்பிரிங் அடி எல்லாம் வாங்குகிறார்கள். மெதுவான ஆட்டத்துக்கு ஸ்பிரிங் சில சமயம் இன்னும் மோசம், டேர்ன்டேபிளே தொட்டில் போல ஆடும்.

தண்டவாளத்துக்கு நேராக நிற்கும் வெளிச் சுவரை விட்டு உள்சுவரைப் பாருங்கள். பூட்டுவதற்கு முன் ரயில் போகும்போது சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், எது குறைவாக நடுங்குகிறதோ அது.


பாட்டுப்பெட்டி:

ஸ்பீக்கர் வாங்கும் காசில் கொஞ்சத்தை ஒரு தடித்த கம்பளத்துக்கும் திரைச்சீலைக்கும் ஒதுக்குங்கள். நம் வீடுகள் எல்லாம் டைல் தரை, சீமெந்துச் சுவர், திறந்த ஜன்னல். அதில் எந்த ஸ்பீக்கரும் குளியலறையில் பாடுவது போலத்தான் இருக்கும். புத்தக அலுமாரி இருந்தால் ஸ்பீக்கருக்கு எதிர்ச்சுவரில் வையுங்கள்.


ஊசிமுனை:

சூட்கேஸ் பிளேயர் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டோம். வேண்டாம். அவற்றில் பலவற்றின் செராமிக் ஊசி ஐந்து கிராமுக்குக் கிட்டப் பாரம் ஏற்றும், சரிசெய்ய வழியும் இல்லை. எக்கோ தட்டை அதில் வைக்காதீர்கள்.


கடலோரம்:

சரி. புல்லி கடைய விடுகிறேன், விஎம்95 எலிப்டிகலும் 78 ஊசியும் எடுக்கிறேன், பழைய அம்ப் ஒன்று பார்க்கிறேன், ஸ்பீக்கர் பிறகு. ட்ரான்ஸ்ஃபோமரை வைத்துக்கொள்ள வேண்டும்தானே?


மருதானை_ரேடியோ:

ஓம், மோட்டார் 120 வோல்ட்தான், புல்லி அதை மாற்றாது. ஆனால் 60க்குச் செய்த மோட்டார் 50இல் கொஞ்சம் கூடச் சூடாகும். ஒரு எல்பி இரண்டு பக்கமும் ஓடியபின் கையால் தொட்டுப் பாருங்கள், தொட முடியாத சூடு என்றால் என்னிடம் கொண்டுவாருங்கள், வோல்ட்டைச் சற்றுக் குறைக்கலாம். லேத்துக்குப் போகும்போது மோட்டாரையே கழற்றிக் கொண்டுபோங்கள். தண்டின் விட்டத்தை வேர்னியரால் அளந்துதான் துளை போட வேண்டும், பழைய புல்லியின் துளையை அளந்து போட்டால் அது ஏற்கெனவே தேய்ந்திருக்கலாம். 78 ஊசிக்குப் பாரம் 5 கிராம், மாற்றும்போது தராசை மறக்க வேண்டாம். உங்கள் ஆர்மின் பின் எடை அதுவரை வருமா என்றும் முதலில் பாருங்கள், சிலது 3 கிராமோடு நின்றுவிடும்.


கடலோரம்:

இப்போதுதான் பார்த்தேன், டயலில் 3 வரைதான் எண் இருக்கிறது.


ஊசிமுனை:

டயல் ஒரு சுற்றில் 3 என்றால், இரண்டாவது சுற்றில் இன்னும் 2 திருப்புங்கள், 5. எடை ஆர்மின் பிவட்டில் இடிக்காமல் அவ்வளவு தூரம் உள்ளே போனால் சரி. இடித்தால் ஹெட்ஷெல்லின் மேல் ஒரு சின்ன எடையை ஒட்டலாம். எதுவானாலும் கடைசியில் தராசு காட்டுவதுதான் கணக்கு.